கோணம் யாருடையது?

பார்ப்பவனுக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்ற செய்தியை நாம் முதன்முதலிற் கேட்டது தீவகத்து ஆசிரியர்களுக்காக நடைபெற்ற ஒரு பயிற்சிக் கூட்டத்திலே. கம்பனி ஒன்றின் பிரதிநிதியாக வந்திருந்த இளைஞர், சுவரில் விழுந்த படத்தைச் சுட்டிக்காட்டிப் பேசினார். படத்தில் ஒரு நியமிப்புப் பரிசோதனை. மாணவன் விரும்பினால் அளவியை அருகிலிருந்து பார்க்கலாம். விரும்பினால் குடுவையை மேலிருந்து பார்க்கலாம். ஆசிரியரின் முகத்தை மாத்திரம் பார்க்கலாம். அல்லது ஆய்வுகூடம் முழுவதையும் தூரத்திலிருந்து பார்க்கலாம். நான்கு கமராக்கள், நான்கு பொத்தான்கள். "இதுவரை யாரோ ஒருவர் காட்டியதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள், இனி நீங்களே இயக்குநர்" என்றார் அவர். முன்வரிசையில் இருந்த அதிகாரிகள் தலையசைத்தனர்.

எமது பாடசாலையிலும் ஆய்வுகூடம் உண்டு. கட்டடம் உறுதியானது. திறந்து வைத்தவரின் பெயர் பொறித்த கல்லும் உண்டு. உள்ளே உடையாத அளவி ஒன்றே ஒன்று. அதையும் பரீட்சைக் காலம் தவிர்ந்த வேளைகளில் வெளியே எடுக்க விஞ்ஞான ஆசிரியர் அஞ்சுவார். முப்பத்திரண்டு மாணவர் அந்த ஒரு கண்ணாடிக் குழாயைச் சுற்றி நின்று எட்டி எட்டிப் பார்ப்பர். அவர்களுக்கு முப்பத்திரண்டு கோணங்கள் உண்டென்பதை மறுப்பதற்கில்லை.

கூட்டத்தின் முடிவில் நாம் ஒரு கேள்வி கேட்டோம். "இந்த நான்கும் போதாது, ஐந்தாவது கமரா ஒன்றை இன்ன இடத்தில் நிறுத்தவேண்டும் என்று மாணவன் கேட்டால் என்ன செய்வான்?" இளைஞர் சிரித்தார். கெட்டவர் அல்லர், நேர்மையாகவே பதில் சொன்னார். "அதற்கு வழியில்லை சேர். படப்பிடிப்பு முடிந்துவிட்டதே."

அந்தப் பதிலைப் பற்றியதே இக்கட்டுரை.

நாம் கருவிகளுக்குப் பகைவர் அல்லர். அச்சு வந்தபோது ஏட்டுச்சுவடியைக் கட்டிப்பிடித்து அழுதவர்களின் வழியில் வந்தவரும் அல்லர். ஒரு நிகழ்ச்சியைப் பல பக்கங்களிலிருந்து படம்பிடித்து, எதைப் பார்ப்பது என்பதைப் பார்ப்பவனிடமே விடுகின்ற முறையால் பயனே இல்லை என்று நாம் கூறமாட்டோம். அதனை விடுதலை என்றும் ஜனநாயகம் என்றும் பெயர் சூட்டி விற்கும்போதுதான் வாய்திறக்க வேண்டியிருக்கிறது. இவ்விரு சொற்களும் எமது மண்ணில் மலிவாகக் கிடைத்தவை அல்ல.

வித்தை புதியதும் அன்று. 1967ஆம் ஆண்டு கனடாவின் மொன்றியல் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியிலே, செக்கோசிலோவாக்கிய மண்டபத்தில் 'கினோஓட்டோமாற்' என்றொரு திரையரங்கு அமைந்திருந்தது. ரதூஸ் சின்சேரா என்பவரின் படைப்பு அது. ஒவ்வோர் ஆசனத்திலும் ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான். கதை இக்கட்டான ஓரிடத்துக்கு வந்ததும் படம் நிற்கும். மேடையில் ஒருவர் தோன்றி, கதாநாயகன் இதைச் செய்வதா அதைச் செய்வதா என்று சபையோரைக் கேட்பார். பெரும்பான்மையோர் அழுத்திய பொத்தானின்படி கதை மேலே நகரும். சபையோர் ஆரவாரித்தனர். படமோ தீப்பற்றி எரியும் ஒரு குடியிருப்பில் தொடங்குகிறது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அதே தீயிலேதான் முடிகிறது. தெரிவு ஒவ்வொன்றின் இரு கிளைகளும் அடுத்த கட்டத்துக்குள் மீண்டும் ஒன்றாகிவிடும்படி கதையைக் கட்டியிருந்தார்கள். ஆகவே எத்தனை முறை வாக்களித்தாலும் படம் காட்டும் கருவிகள் இரண்டே போதும். ஒன்றின் வில்லையை மூடி மற்றதன் வில்லையைத் திறந்துவிட்டால் ஆயிற்று. வாக்குரிமை பற்றிய நையாண்டியாகவே சின்சேரா இதைச் செய்தார் என்பர். இன்று அதே வித்தையை விற்பவர்கள் அதிலிருந்த நையாண்டியை மாத்திரம் எடுத்துவிட்டார்கள்.

பின்னர் 1996இல் டி.வி.டி. தட்டு வந்தது. ஒரே காட்சியை ஒன்பது கோணங்கள் வரை அடக்குவதற்கு அதன் அமைப்பிலேயே இடம் வைத்திருந்தார்கள். றிமோட்டில் 'ஆங்கிள்' என்று எழுதிய பொத்தான் ஒன்று இருந்ததை வாசகர் சிலர் நினைவுகூரக்கூடும். அதை அழுத்திப் பாராத சிறுவன் இல்லை. அழுத்தி எதையாவது கண்ட சிறுவனை நாம் அறியோம். ஒன்பது கோணங்களிற் படமெடுக்கப் பணம் வேண்டும். போட்ட பணம் திரும்பி வரும் என்ற நம்பிக்கை அன்று முதலாளிகளுக்கு ஏற்படவில்லை.

இன்று அந்த நம்பிக்கை ஏற்பட்டுவிட்டது. இந்தியாவில் ஐ.பி.எல். கிறிக்கெற்றைக் காட்டும் உரிமை, 2023 முதல் 2027 வரையான ஐந்து ஆண்டுகளுக்கு, 48,390 கோடி இந்திய ரூபாவுக்கு ஏலம் போயிற்று. கைத்தொலைபேசியிற் காட்டும் பங்கை ரிலையன்ஸ் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் எடுத்தது. 2023இல் அதன் ஜியோசினிமா, ஆட்டங்களைக் கட்டணமின்றியே காட்டியது; விரும்பிய மொழியிற் கேட்கலாம், விரும்பிய கமராவாற் பார்க்கலாம் என்று விளம்பரம் செய்தது. இலவசமாகச் சோறு போடும் முதலாளியைக் கண்டால் அவன் எமது உடம்பில் எதை எடைபோடுகிறான் என்று பார்க்கவேண்டாமா? 2025 பெப்ரவரியில் ஜியோசினிமாவும் அதன் போட்டியாளனான ஹொட்ஸ்ராரும் ஒன்றாயின. கோணங்கள் பெருகின, கோணங்களுக்கு உடைமையாளர் குறைந்தனர்.

எடைபோடப்படுவது எது என்பதற்கும் சான்று உண்டு. 2018இன் இறுதியில் நெற்பிளிக்ஸ் நிறுவனம், பார்ப்பவரே கதையின் போக்கைத் தெரிவுசெய்யும் படமொன்றை வெளியிட்டது. அடுத்த ஆண்டு பிரித்தானிய ஆய்வாளர் ஒருவர், ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தம்மைப் பற்றிய பதிவுகளைக் கேட்டுப் பெற்றார். அவர் எந்த இடத்தில் எதைத் தெரிந்தார் என்பதெல்லாம் ஒவ்வொன்றாகக் குறித்து வைக்கப்பட்டிருந்தன. நாம் கமராவைத் தெரிவுசெய்கிறோம் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது, ஆறாவது கமரா ஒன்று எம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கோணத்தை எமக்குக் காட்டும் பொத்தான் கிடையாது.

பல கோணங்களால் உண்மை வெளிப்பட்ட இடங்கள் இல்லையா? உண்டு. கிறிக்கெற்றின் மூன்றாவது நடுவரையே எடுத்துக்கொள்வோம். அந்த யோசனையை முன்வைத்தவர் இலங்கைக் கிறிக்கெற் எழுத்தாளர் மகிந்த விஜேசிங்க. 1992 நவம்பரில் டேர்பன் மைதானத்தில், தொலைக்காட்சிப் பதிவைப் பார்த்து ஆட்டமிழந்ததாக முதன்முதல் அறிவிக்கப்பட்டவர் சச்சின் டெண்டுல்கர். களத்தில் நின்றவரின் கண் தவறவிட்டதை வேறொரு கோணம் பிடித்தது. ஆயினும் நடுவர் எதைப் பார்க்கலாம் என்பது, அன்றும் அதற்குப் பின் நெடுங்காலமும், ஒளிபரப்பும் நிறுவனத்தின் இயக்குநர் கையிலேயே இருந்தது. இடையில் நின்ற அந்த இயக்குநரை விலக்கி, கமராப் பதிவுகளை இயக்குபவர்களை நடுவரின் அறையிலேயே கொண்டுவந்து இருத்துவதற்கு 2024ஆம் ஆண்டு ஐ.பி.எல். வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தீர்ப்புச் சொல்லும் நடுவருக்கே முப்பது ஆண்டுகள் ஆயிற்று. அந்தக் கமராக்களை நிறுத்தியுள்ள ஹோக்-ஐ நிறுவனம் 2011 முதல் சோனியின் உடைமை என்பதையும் சேர்த்துக்கொள்க.

எமது நண்பர் ஒருவர் உண்டு. நாடகத்தில் ஆழ்ந்த பயிற்சியுடையவர், முற்போக்காளர். அவர் எம்மோடு முரண்பட்டார். "படச்சட்ட மேடையும் சினிமாவும் ரசிகனை ஓரிடத்திற் கட்டிவைத்து, ஒரே கண்ணாற் பார்க்கச் செய்தன. அந்தக் கட்டை இது அவிழ்க்கிறது. எமது வட்டக்களரிக்கு இது திரும்பிப் போவதுதானே?" என்பது அவர் வாதம்.

நல்ல வாதம், பதில் கூறத்தக்கது. வட்டக்களரியில் ஆடிய கூத்தைச் சுற்றிவர இருந்து ஊர் பார்த்தது. ஒரு பக்கம் பிடிக்காவிட்டால் எழுந்து மறுபக்கம் போய் இருந்தார்கள். அண்ணாவியாரின் தாளத்தைப் பார்க்க விரும்பியவன் அவரருகே போனான். அரிச்சுனன் முடி கட்டுவதைப் பார்க்க விரும்பிய சிறுவன் ஒப்பனைக் கொட்டிலின் கிடுகைப் பிரித்துப் பார்த்து அடியும் வாங்கினான். கிடுகைப் பிரிப்பது எவரும் தெரிவாகக் கொடுத்த கோணம் அன்று. நண்பர் இதனை மறந்துவிட்டார்.

வட்டக்களரியையும் நாம் பொற்காலமாக்கிவிடக் கூடாது. இந்நாட்டில் எவன் எங்கே நின்று பார்க்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மக்கள் ஏன் போராடினர்? வெளிவீதியில் நின்று சுவாமியைப் பார்க்கும் கோணம் அவர்களுக்கு ஏலவே இருந்தது. கிழக்கு வீதியில் நின்று பார், வடக்கு வீதியில் நின்று பார், தேரடியில் நின்று பார் என்று தெரிவுகளையும் கூட்டிக் கொடுத்திருக்கலாம். அதை எவரும் விடுதலை என்று ஏற்றிருப்பாரா? அவர்கள் கேட்டது வாசலைத் தாண்டும் உரிமையை.

இன்று நயினாதீவு நாகபூசணி அம்மன் தேர்த்திருவிழாவை ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் நேரலையிற் காண்கின்றனர். ஒரு யூரியூப் அலைவரிசையிற் கூட்டத்தின் தலைகள் மறைத்தால் இன்னொன்றுக்குத் தாவுகின்றனர். மேலே பறக்கும் ட்ரோன் கோபுரத்தையும் கடலையும் ஒன்றாகக் காட்டுகிறது. வரமுடியாத தாயொருத்தி அங்கிருந்தபடி கைகூப்புவதை நாம் பரிகசிக்க மாட்டோம். கண்ணீர் எந்தத் திரையின் முன் வடிந்தாலும் கண்ணீர்தான். ஆனால் குறிகாட்டுவான் இறங்குதுறையில் வெயிலில் வரிசையாக நின்று, படகின் கீழ்த்தட்டில் அடைபட்டு, எண்ணெய்ப் புகையை விழுங்கி வந்து சேரும் ஊரவரின் கோணம் அந்தத் தெரிவுப் பட்டியலில் இல்லை. எவரும் வேண்டுமென்று ஒளித்ததாகவும் நாம் கூறவில்லை. அதைப் பார்க்க எவரும் பணம் தரமாட்டார், அவ்வளவுதான்.

இனி எமது கடலுக்கு வருவோம்.

நெடுந்தீவு என்ற பெயரை அறியாதவர் இன்று தமிழ்நாட்டிற் குறைவு. அறிந்தது எதனால்? குதிரைகளாலா, பவளக்கல் மதில்களாலா, பெருக்குமரத்தாலா? 'நெடுந்தீவு அருகே மீனவர் கைது' என்ற செய்தியால். அந்தச் செய்தி வரும் இரவில் ஒருவர் விரும்பினால், இருந்த இடத்திலிருந்தே பல கோணங்களில் அதைப் பார்க்கலாம். தமிழ்நாட்டு அலைவரிசையைத் திருப்பினால் இராமேசுவரத்துத் துறைமுகம், அழுகின்ற மனைவியர், தலைவர்களின் அறிக்கைகள், அவற்றோடு தவறாமற் கச்சதீவு. கொழும்பு அலைவரிசையைத் திருப்பினால் கடற்படையே எடுத்து வழங்கிய படம்: பிடிபட்ட படகு, தளத்தில் வரிசையாகக் குந்தியிருக்கும் மனிதர், அவர்கள்மீது விழும் வெளிச்சம். இரண்டும் மெய். இரண்டு படத்திலும் உள்ளவர்கள் மெய்யாகவே துன்புறுகின்றனர்.

மூன்றாவது ஒன்று உண்டு. நெடுந்தீவிலிருந்து சிறு படகில் மாலையிற் சென்று வலை படுத்துவிட்டு வந்தவன், விடியுமுன் திரும்பிச் சென்று பார்க்கிறான். வலை இருந்த இடத்தில் வலை இல்லை. இழுவைப் படகு, எமது கடற்கரையார் வாயிற் சொல்வதானால் 'ரோலர்', அவ்வழியே கடலின் அடியை வழித்துக்கொண்டு போயிருக்கிறது. மிதப்புகள் சில மிஞ்சியிருக்கலாம். வலை கடனுக்கு வாங்கியது. கடன் கொடுத்தவன் கரையில் நிற்கிறான். இந்தக் கோணத்திற் கமரா நிற்பது அரிது. இரவு, நடுக்கடல், ஓர் ஏழை. அங்கே கமரா நிறுத்துவதற்கு எவன் ஏலம் கேட்பான்?

அந்த ஒரு கோணத்தைச் சேர்த்தவுடன் கதையே மாறிவிடுகிறது. அடிக்கடலை வழிக்கும் அந்த முறையின் வரலாறு கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. 1950களில் நோர்வேயின் உதவியோடு கேரளத்தில் தொடங்கிய மீன்பிடி நவீனமயத் திட்டம், பின்னர் இறால் ஏற்றுமதியின் இலாபம், அதன்பின் இந்தியக் கரையெங்கும் பெருகிய இழுவைப் படகுகள். தம் பக்கத்துக் கடலை வழித்துத் தீர்த்தவை எமது பக்கத்துக்கு வந்தன. போர்க்காலத்தில் எமது மீனவர் பாதுகாப்புத் தடைகளாற் கரையிற் கட்டுண்டு கிடந்தபோது அவை தடையின்றிப் பழகின. 2009இன் பின் எமது மீனவர் கடலுக்குத் திரும்பியபோது, கடல் வேறொருவனின் தொழிற்சாலையாகியிருந்தது. 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆயினும் 2024 ஜூனில் வடகடலில் இந்தியப் படகொன்றைப் பிடிக்கும் நடவடிக்கையின்போது கடற்படையாள் ஒருவர் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் நெடுந்தீவுக்கு வடக்கே கடற்படைக் கலமும் இந்தியப் படகும் மோதி, இந்திய மீனவர் ஒருவர் உயிரிழந்தார், இன்னொருவர் காணாமற் போனார். இறந்தவருள் எவராவது படகு முதலாளியா? இராமேசுவரத்துப் படகிற் கூலிக்கு வலை இழுப்பவனும் நெடுந்தீவில் வலை இழந்தவனும் ஒரே தமிழிற் பசியைச் சொல்பவர்கள். அலைவரிசை அலைவரிசையாகத் தாவிப் பார்ப்பவன் இருவரையும் ஒரே சட்டத்துள் ஒருபோதும் காணமாட்டான். படகின் உரிமையாளனையோ, இறாலை ஏற்றுமதி செய்பவனையோ எந்தச் சட்டத்துள்ளும் காணமாட்டான்.

இவற்றைக் கூறுமிடத்து, கமராவே இல்லாத ஒரு நாளையும் கூறாதிருக்க இயலாது.

1985 மே 15. நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பயணிகள் ஒவ்வொருவராக அழைக்கப்பட்டு வெட்டப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபத்து மூவருக்குக் குறையாதோர் மாண்டனர். வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியோர் கூறினர், அரசாங்கம் மறுத்தது. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அந்த நிகழ்ச்சியின் ஒளிப்படம் ஒரு சட்டந்தானும் இல்லை. இருப்பவை உயிர்தப்பியோரின் வாக்குமூலங்கள். சர்வதேச மன்னிப்புச் சபை அவற்றைத் திரட்டிற்று. ஒருவர் கண்டதை மற்றவர் கண்டிலர். ஒருவர் கேட்டதை மற்றவர் கேட்டிலர். பிணங்களிடையே பிணம்போற் கிடந்தவர் அறிந்தது வேறு. அத்தனையையும் அடுத்தடுத்து வைத்தபோதுதான் அன்று நடந்தது துலங்கிற்று.

பல கோணம் என்ற சொல்லுக்குப் பொருள் இதுவென்றே நாம் கருதுகிறோம். அங்கே கோணம் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் இருந்தார். அவருக்கு உடம்பு இருந்தது. சொன்னதற்காக அவர் அஞ்சவும் நேர்ந்தது. பொத்தானை அழுத்திப் பெறும் நான்கு கோணங்களுக்குப் பின்னால் இருப்பவனோ ஒருவனே. அவன் எதற்கும் அஞ்சவேண்டியதில்லை. குமுதினி அதன்பின்னும் பல்லாண்டு நெடுந்தீவு மக்களைச் சுமந்தது. மாவிலித்துறையில் நினைவுத்தூண் நிற்கிறது. மே 15இல் மலர் வைக்கிறார்கள். சுற்றுலாப் படம் எடுப்பவர்களின் ட்ரோன் அத்தூணுக்கு மேலாகப் பறந்துதான் குதிரைகளிடம் போகிறது.

ஊர்காவற்றுறைக்கு எதிரே கடல் நடுவில் நிற்கும் கோட்டையும் இப்படித்தான். 1971 கிளர்ச்சியின் பின் இளைஞர்களை அடைத்து வைத்த அந்தக் கோட்டை, பிற்காலத்திற் கடற்படை நடத்தும் உல்லாச விடுதியாயிற்று. அதை எந்தக் கோணத்திலும் அழகாகப் படமெடுக்கலாம். உள்ளிருந்து வெளியே பார்த்தவனின் கோணத்தைத் தவிர.

அப்படியானால் ஆசிரியன் செய்யத்தக்கது யாது என்று இளம் ஆசிரியர் சிலர் எம்மைக் கேட்டனர். பெரிய திட்டம் எதுவும் எம்மிடம் இல்லை. கடந்த தவணையில் உயர்தர வகுப்பு மாணவர் ஐவரைக் கைத்தொலைபேசிகளோடு ஒரு காலைப் பொழுதில் இறங்குதுறைக்கு அனுப்பினோம். படத்தோடு ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும்: எங்கே நின்றாய், ஏன் அங்கே நின்றாய், எங்கே நிற்க விடவில்லை, விடாதவர் யார். நால்வர் படகையும் கடலையும் எடுத்து வந்தனர், அழகாகவே இருந்தன. ஒரு மாணவி மாத்திரம், சமையல் எரிவாயுச் சிலிண்டரைத் தோளிற் சுமந்து ஈரப்படியில் இறங்கும் ஒரு முதியவரைப் படிக்குக் கீழே நின்று எடுத்திருந்தாள். படம் பாதியில் நின்றிருந்தது. "எடுக்க வேண்டாம் என்று ஒருவர் சத்தம் போட்டார், பெரியவருக்குக் கை கொடுக்கத் தொலைபேசியைப் பைக்குள் வைத்தேன்" என்று எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தை வகுப்பில் இரண்டு பாடவேளை வாசித்தோம். சத்தம் போட்டவர் யார், ஏன் போட்டார் என்பதில் மாணவரிடையே கடும் வாக்குவாதம் எழுந்தது. தமிழ்ப் பாடத்தில் அவ்வளவு சத்தத்தை நாம் கேட்டதில்லை.

பயிற்சிக் கூட்டம் முடிந்த கிழமையே, எமது விஞ்ஞான ஆசிரியரோடு சேர்ந்து மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம்: அளவி ஆறு, குழாயி பன்னிரண்டு, கூம்புக் குடுவை பன்னிரண்டு, பினோத்தலின் ஒரு போத்தல். மூன்று மாதத்தின் பின் ஓர் உறை வந்தது. மாணவர் ஒவ்வொருவருக்கும் அந்த நான்கு கோணப் படத்தைப் பார்ப்பதற்கான கடவுச்சொல் உள்ளே இருந்தது.